தொழிற்களமே கல்விக்கூடம்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

நமது நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மூலதனம், இயந்திரம், மூலப்பொருள், மின்சாரம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டுகிறோம். ஆனால் அந்த இயந்திரத்தை இயக்குகிற தொழிலாளி நாள்தோறும் தன் வேலையின் வழியே கற்றுக்கொள்ளும் அறிவு எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. தொழிற்சாலை மூடப்படும் நாளில்தான் அந்த அறிவின் அளவும், அது பதிவாகாமற் போனதால் நேர்ந்த இழப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் இதற்குத் தெளிவான சான்றாகும்.

பணியிடத்தில் தொழிலாளர் தாமே முனைந்து, தேவைக்கேற்ப, சிறு சிறு சுற்றுகளாகக் கற்றுக்கொள்ளும் முறை இன்று உலகெங்கும் வலியுறுத்தப்படுகிறது. இதனைத் தற்சார்புக் கற்றல் எனலாம். இக்கற்றல் முறை என்ன, அதன் வேர்கள் எங்கே உள்ளன, அதனை ஒரு தொழிற்கூடத்தில் எவ்வாறு புகுத்துவது, எங்கே எச்சரிக்கை தேவை என்பவற்றைத் தங்கவயலின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலின் பின்னணி

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலைப் பெருமளவில் மேற்கொண்டது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் வளர்ந்தன. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து தங்கவயலை வந்தடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளுள் அதுவும் ஒன்று. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ் பேசும் உழைப்பாளர்களே இங்குப் பெரும்பான்மையினர். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் இச்சுரங்கங்களில் உழைத்தனர்.

1956-இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்பில் வந்தன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தை அளித்த அந்நிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர்.

சாம்பியன் ரீப் சுரங்கம் நிலமட்டத்திற்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். பேரழுத்தத்தால் பாறைகள் திடீரென வெடித்துச் சிதறும் பாறை வெடிப்பு இங்குப் பல உயிர்களைக் கொண்டது. இத்தகைய இடத்தில் கற்றல் என்பது பதவி உயர்வுக்கான வழி மட்டுமன்று. உயிரோடு வீடு திரும்புவதற்கான வழியும் அதுவே.

மூன்று வழிகளில் வந்த கல்வி

தங்கவயல் தொழிலாளரிடம் அறிவு மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. அவற்றைத் தனித்தனியே காண்பது பயன் தரும்.

முதலாவது, வேலையின் வழியே வந்த கல்வி. வெடி வைத்த பின் பாறையின் கூரையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது உலகெங்கும் சுரங்கத் தொழிலாளரின் வழக்கம். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியானது. பொத்தென்று ஒலித்தால் அது பெயர்ந்து நிற்கிறது. இவ்வேறுபாட்டைப் புத்தகம் ஓரளவுதான் சொல்லும். அனுபவமுள்ளவர் அருகில் நின்று, தட்டி, கேட்டு, திருத்தப்பட்டுத்தான் ஒருவன் அதனைக் கற்க முடியும். கூண்டை ஏற்றவும் இறக்கவும் தரப்படும் மணிக்குறிகளும், தாங்குகள் அமைக்கும் முறையும், புகை நீங்கக் காத்திருக்கும் ஒழுங்கும் இவ்வாறே மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வந்தன.

இவ்வறிவு நிலையாக நின்றுவிடவும் இல்லை. மேல்மட்டங்களில் மரத்தாங்குகள் போதுமானவையாக இருந்தன. ஆழம் கூடியபோது கருங்கல் அடுக்குச் சுவர்கள் வந்தன. பின்னர் கான்கிரீட் நிரப்பு முறை வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய திறமையின் ஒரு பகுதி பயனற்றுப் போயிற்று. புதியதைக் கற்க வேண்டியிருந்தது. ஒரு முறை பயின்றால் ஓய்வு பெறும்வரை போதும் என்னும் நிலை தங்கவயலில் என்றுமே இருந்ததில்லை.

இரண்டாவது, தொழிலாளர் தாமே அமைத்துக்கொண்ட கல்வி. இதனை நாம் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர் இருந்தனர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் பௌத்த சங்கக் கிளைகள் தோன்றின. அவற்றைச் சார்ந்து படிப்பகங்களும் பள்ளிகளும் நடைபெற்றன. சாம்பியன் ரீபில் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை வெளியிட்டது. 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ இதழை மீண்டும் கொண்டுவந்தார். பகலெல்லாம் பூமிக்கடியில் உழைத்த மக்கள் எவருடைய ஆணையும் இன்றி, எந்த மானியமும் பெறாமல் எழுத்தறிவைத் தேடிக்கொண்டனர் என்பதை இது காட்டுகிறது. தற்சார்புக் கற்றல் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான கருத்து என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தின் வழியே வந்த கல்வி. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் 1966-இல் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் வகுக்கப்பட்டன. புதிதாகச் சேர்வோருக்குத் தொடக்கப் பயிற்சியும், பணியிலிருப்போருக்குக் குறித்த கால இடைவெளியில் புதுப்பிப்புப் பயிற்சியும் கட்டாயமாயின. உலோகச் சுரங்கங்களுக்கான 1961-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வெடி வைப்போர், மேட், போர்மேன், மேலாளர் எனச் சான்றிதழ்களின் படிக்கட்டு ஒன்றை அமைத்தன. பணியனுபவத்துடன் தானே படித்துத் தேர்வெழுதும் தொழிலாளி அப்படிக்கட்டில் ஏற இடமிருந்தது. 1957-இல் ஊரிகத்தில் சுரங்கக் கல்விப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

இம்மூன்று வழிகளும் தனித்தனியே ஓடின, ஒன்றோடொன்று கலக்கவில்லை. தட்டிக் கேட்டு அறிந்த காதின் அறிவு சான்றிதழில் ஏறவில்லை. படிப்பகத்தில் பெற்ற எழுத்தறிவு தொழில் ஏட்டில் பயன்படவில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லப்பட்டது எப்போதும் பாறையின் முகத்தில் பணிபுரிபவரின் கேள்விக்கு விடையாகவும் அமையவில்லை.

அறியாமையின் விலை

கற்றல் தாமதமானால் என்ன நேரும் என்பதற்குத் தூசியே சான்று. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்குகிறது. 1940-களில் தங்கவயலில் நடைபெற்ற மருத்துவ ஆய்வில் சோதிக்கப்பட்ட தொழிலாளருள் ஐந்தில் இருவருக்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. நீர் பாய்ச்சித் துளையிடுவது, காற்றோட்டத்தைப் பெருக்குவது ஆகியவை தூசியைக் குறைக்கும் வழிகள். ஆனால் நீர்க்குழாயைத் திறப்பது ஏன் என்று அறியாதவர், வேலை விரைவாக முடிய வேண்டும் என்ற நெருக்கடியில் அதனை மூடிவிடக் கூடும். ‘செய்’ என்ற கட்டளை மட்டும் போதாது. ‘ஏன்’ என்ற விளக்கமும், ‘இது சரியாக இல்லை’ என்று சொல்லும் உரிமையும் வேண்டும்.

தற்சார்புக் கற்றல்: கருத்தின் வளர்ச்சி

இக்கருத்தின் நவீன வரலாறும் ஒரு சுரங்கத்தில்தான் தொடங்குகிறது. 1951-இல் இங்கிலாந்தின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட் என்பவரும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்போர்த் என்பவரும் நிலக்கரிச் சுரங்கங்கள் குறித்த ஆய்வை வெளியிட்டனர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு நிலக்கரியை வெட்டுவது முதல் ஏற்றி அனுப்புவது வரை எல்லாவற்றையும் செய்தது. இயந்திரங்கள் வந்தபின் பணி பல ஷிப்டுகளாகத் துண்டாடப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. இயந்திரம் சிறந்ததாக இருந்தும் எதிர்பார்த்த உற்பத்தி கிடைக்கவில்லை. ஒரு ஷிப்டின் குறையை அடுத்த ஷிப்டு சுமந்தது; பழி கூறுதல் பெருகியது. பின்னர்ச் சில சுரங்கங்களில் தொழிலாளர் பல வேலைகளையும் கற்றுக்கொண்டு பொறுப்பைத் தமக்குள் பகிர்ந்துகொண்டபோது நிலைமை சீரடைந்தது.

இந்தியாவிலும் இத்தகைய சோதனை நடந்தது. 1953-இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் ஏ. கே. ரைஸ் என்ற ஆய்வாளரின் யோசனைப்படி, தானியங்கித் தறிக்கூடத்தில் தனித்தனி வேலை செய்தவர்கள் சிறு குழுக்களாக அமைக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் தன் தறிகளுக்கு முழுப்பொறுப்பேற்றது. தொழிலாளர் இம்முறையை விரைந்து தம்முடையதாக்கிக்கொண்டனர்.

1958-இல் நிறுவப்பட்ட மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் வேறொரு வழியைக் காட்டியது. கல்வி அதிகாரிகள் தொழிலாளரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். அவர்கள் தொழிலாளி–ஆசிரியராகத் தம் தொழிற்கூடத்திற்குத் திரும்பி உடன் உழைப்போருக்கு அவர்களின் மொழியிலேயே கற்பித்தனர். ஜப்பானில் 1962-இல் தோன்றிய தரவட்டங்கள் 1980-இல் ஐதராபாத் பாரத மிகுமின் நிறுவனத்தின் வழியே நம் நாட்டில் அறிமுகமாயின. ஒரே பிரிவில் பணிபுரியும் சிலர் தாமே முன்வந்து கூடித் தம் வேலையிலுள்ள சிக்கலைத் தேர்ந்து ஆராய்ந்து தீர்ப்பதே தரவட்டம்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு மென்பொருள் வல்லுநர் கூடி, ‘அஜைல்’ என்னும் பணிமுறையின் கொள்கைகளை வெளியிட்டனர். நீண்ட திட்டங்களுக்குப் பதில் குறுகிய சுற்றுகள், தம்மைத் தாமே ஒழுங்குபடுத்தும் குழுக்கள், குறித்த இடைவெளியில் செய்ததைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அதே மாதத்தின் இறுதி நாளில்தான் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. குழுவாகக் கற்று, குழுவாகப் பொறுப்பேற்று உழைத்த ஒரு தொழில் மரபு இங்கே முடிவுற்ற அதே மாதத்தில், அதன் அடிப்படைக் கருத்து வேறொரு தொழிலில் புதுப்பெயர் பெற்றது.

புகுத்தும் முறை

ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்தின் பராமரிப்புப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே தற்சார்புக் கற்றலைப் புகுத்தக் கீழ்க்கண்ட படிகள் உதவும்.

1. குறைகளைத் திரட்டுதல்: ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு குறிப்பேடு வைக்கப்பட வேண்டும். எந்த வேலை தடைப்பட்டது, எது புரியவில்லை, எங்கே விபத்து நேரவிருந்து தப்பியது என்பவற்றைத் தொழிலாளர் தம் மொழியில் எழுதட்டும். எழுத இயலாதவர் சொல்ல, மற்றவர் எழுதலாம். பாடத்திட்டம் இந்த ஏட்டிலிருந்தே பிறக்க வேண்டும்.

2. குழு அமைத்தல்: ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட குழு போதும். மூத்தவரும் புதியவரும் கலந்திருத்தல் நன்று. வாரத்திற்கு ஒரு மணி நேரம் கூடட்டும். இந்நேரம் ஊதியமுள்ள பணி நேரத்திற்குள் அமைவது இன்றியமையாதது.

3. ஒன்றைத் தேர்தல்: ஒரு சுற்றுக்கு ஒரே சிக்கல். எடுத்துக்காட்டாக, அழுத்தக் காற்றுக் குழாய்களில் காற்றுக் கசிவதால் துளையிடும் கருவிகளின் வேகம் குறைகிறது என்று கொள்வோம். கசியும் இணைப்புகளை எவ்வாறு கண்டறிவது, எந்த வளையம் எத்தனை நாள் தாங்குகிறது, இறுக்கும் முறையில் என்ன தவறு என்பவற்றைக் குழு நான்கு வாரங்களில் கற்றுச் சோதித்துப் பார்க்கலாம்.

4. வல்லுநரை அழைத்தல்: தற்சார்பு என்பது தனிமை அன்று. குழு தன் கேள்வியைத் தெளிவாக வகுத்தபின் பொறியாளரையோ தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியரையோ அழைக்கட்டும். அழைப்பவர் தொழிலாளர் என்பதால் வருபவர் சொற்பொழிவு ஆற்ற மாட்டார். கேள்விக்கு விடை கூறுவார்.

5. கற்றதைக் கற்பித்தல்: சுற்றின் முடிவில் குழு தான் அறிந்ததை அடுத்த ஷிப்டுக்குச் செய்து காட்ட வேண்டும். பிறருக்கு விளக்க முடியாத எதையும் நாம் முழுமையாகக் கற்றதாகக் கொள்ள இயலாது.

6. திரும்பிப் பார்த்தல்: எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதைப் பழி கூறாமல் பேசி, அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். தோல்வியடைந்த சோதனையும் ஏட்டில் பதிவாக வேண்டும். இல்லையேல் அடுத்தவர் அதே தவற்றை மீண்டும் செய்வார்.

எல்லைகள்

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. வெடிமருந்து, கூண்டு இயக்கம், உயரழுத்த மின்சாரம், நச்சு வாயு ஆகியவற்றில் ‘செய்து பார்த்துக் கற்போம்’ என்பதற்கு இடமே இல்லை. அங்கே விதிமுறை முதலில். சான்றிதழ் பெற்றவரே செய்ய வேண்டும். ஆயினும் அவ்விடங்களிலும் தொழிலாளரின் கண்ணும் காதும் தேவை. ‘கூரையின் ஒலி சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் வேலையை நிறுத்தி ஆராயும் ஒழுங்கும், அவ்வாறு சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியும் இருத்தல் வேண்டும். தங்கவயலில் பாறை வெடிப்பை ஆராயக் கருவிகள் பொருத்தப்பட்டன. 1988-இல் தேசியப் பாறை இயங்கியல் நிறுவனமும் அங்கேயே தொடங்கப்பட்டது. கருவி அளந்து கூறுவதும் அனுபவம் உணர்ந்து கூறுவதும் ஒரே மேசையில் வைக்கப்படும்போதுதான் அறிவு முழுமையடைகிறது.

மற்றோர் ஆபத்து நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து வரக்கூடும். ‘இனி நீயே கற்றுக்கொள்’ என்று கூறிப் பயிற்சிச் செலவைத் தொழிலாளியின் தலையிலும் அவனது ஓய்வு நேரத்திலும் ஏற்றிவிடுவது தற்சார்புக் கற்றல் அன்று. அது பொறுப்பைக் கைகழுவுதலே. நேரம், ஊதியம், கருவி, நூல் ஆகியவற்றை நிறுவனம் அளிக்க வேண்டும். எதை, எந்த வரிசையில், யாரிடமிருந்து கற்பது என்பதில் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். தொழிற்சங்கங்களும் ஊதியப் பேச்சுவார்த்தையின்போது கற்றலுக்கான நேரத்தை ஓர் உரிமையாகக் கோர வேண்டும்.

பதிவு யாருடையது?

இங்கே தங்கவயல் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி கவனிக்கத்தக்கது. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பெற்றுப் பதிவு செய்யும் முறை புகுத்தப்பட்டபோது, முறையான தொழிற்சங்கம் எதுவும் இல்லாத நிலையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைப் பற்றிய பதிவு தம்மைக் கட்டுப்படுத்தவே பயன்படும் என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

ஆகவே தொழிலாளியின் திறமையைப் பதிவு செய்யும் ஏடு எதுவாயினும் அது அவனுடைய சொத்தாக இருத்தல் வேண்டும். அவன் எந்த எந்த வேலைகளைத் தானே செய்வான், எவற்றைப் பிறருக்குக் கற்பிப்பான், எந்தச் சுற்றில் எந்தச் சிக்கலைத் தீர்த்தான் என்பவற்றை மேற்பார்வையாளரும் உடன் பணிபுரிபவரும் ஒப்பமிட்டு அவனிடமே தர வேண்டும். வேலையை விட்டுச் செல்லும் நாளில் அவன் கையில் அது இருக்க வேண்டும்.

2001-இல் சுரங்கத்தை விட்டு வெளியேறிய பலரிடம் இல்லாதிருந்தது அதுவே. பல்லாண்டு அனுபவம் இருந்தும் அதனை வேறொரு முதலாளியிடம் எடுத்துக் காட்டத் தாள் இல்லை. சுரங்கச் சான்றிதழ் பெற்றிருந்தவருக்கும் அது உலோகச் சுரங்கத்திற்கு உரியது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தனி ஒழுங்குமுறைகள் உண்டு. காற்றழுத்தக் கருவி, பாரந்தூக்கி, நீரேற்றி, மின் பராமரிப்பு, பற்றவைப்பு ஆகியவற்றில் தேர்ந்த கைகள் காவற்பணிக்கும் கூலி வேலைக்கும் செல்ல நேர்ந்தால், அது குடும்பத்தின் இழப்பு மட்டுமன்று. நாட்டின் இழப்பும் ஆகும்.

2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வேலையின் வழியே முன்பே பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது. இந்த ஏற்பாடு தங்கவயல் சுரங்கத் தொழிலாளருக்கு மிகத் தாமதமாக வந்தது. ஆயினும் இன்று இயங்கும் தொழிற்கூடங்களுக்குத் தாமதமாகவில்லை. ஆலை மூடப்படும் அறிவிப்பு வந்தபின் சான்றிதழ் தேடுவதைவிட, ஆலை நன்கு இயங்கும் காலத்திலேயே ஒவ்வொரு கற்றல் சுற்றையும் இக்கட்டமைப்போடு இணைத்துவிடுவதே அறிவுடைமை.

முடிவுரை

சுரங்கங்கள் மூடப்பட்டபின் தங்கவயலின் இளைஞர் பெருந்தொகையினர் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கைக்கு மாறினர். அவர்களுள் தொழிற்சாலைப் பணியாளரும் உண்டு. மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரும் உண்டு. கூரையைத் தட்டிக் கேட்கக் கற்ற பாட்டனின் பேரன் இன்று கணினியின் முன் அமர்ந்து சிறு சுற்றுகளில் பணிபுரிகிறான். இருவர் கற்றலிலும் அடிப்படை ஒன்றே: அருகில் இருப்பவரிடம் கேட்பது, செய்வதைக் கவனிப்பது, தவற்றைத் திருத்திக்கொள்வது, அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்வது.

கல்வி பள்ளியோடு முடிவதில்லை என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அக்கூற்று உண்மையாக வேண்டுமானால் தொழிற்களத்தில் நடைபெறும் கற்றலுக்கு நேரமும் மதிப்பும் பதிவும் தர வேண்டும். தங்கவயலில் 800 டன் தங்கம் எடை போட்டுக் கணக்கிடப்பட்டது. அதனை வெட்டியெடுத்தவர்களின் அறிவு எடை போடப்படவில்லை. அத்தவறு மற்றொரு தொழில் நகரத்தில் நேராதபடி காப்பது நிர்வாகம், தொழிற்சங்கம், அரசு ஆகிய மூவரின் கடமையாகும்.